குமாரி வாசலில் கிடந்த சைக்கிள் ஷூ

– நீ ஷூவைத்தானே பாத்தே சுசீலா? காலைப் பாத்தியா? அந்த ஷூவுக்குள்ள எம்புள்ளை காலு இருந்துச்சான்னு கேக்குறேன்!

– அரே உமாக்கா, மெதுவாப் பேசுங்க. மூணு மாடியிலயும் ஜன்னலைத் திறந்துட்டாங்க.

– திறக்கட்டும்! ஃபீனிக்ஸ் பே குவார்ட்டர்ஸ் பூராவும் நல்லாக் கேக்கட்டும்! என் மகன் அஸ்வினுக்குப் பேசி முடிச்ச சம்பந்தத்தை நாக்காலயே அறுத்து விட்டுட்டு, மெதுவாப் பேசணுமாம்ல?

– நான் எங்க அறுத்தேன்? அபர்டீன் பஜார்ல கத்திரிக்காய் பொறுக்கிட்டிருந்தேன். ப்ரியங்காவோட அம்மா ராணி வந்தா. மாப்பிள்ளை எப்படி, நீங்க பக்கத்துலயே இருக்கீங்களேன்னு அவளாத்தான் கேட்டா. எனக்கென்ன வந்தது? நல்லதைத்தான் சொன்னேன்.

– என்ன நல்லதைச் சொன்னே?

– ரொம்ப ஒழுக்கமான பையன், யார் வீட்டுக்குப் போனாலும் ஷூவை வாசல்ல கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ள போவான்னு சொன்னேன்.

– யார் வீட்டுக்குன்னு அவ கேட்டிருப்பாளே.

– கேட்டா. கேட்ட ஆளுக்குப் பதில் சொல்லாம நின்னா மரியாதையா?

– குமாரி வீட்டுக்குன்னு சொன்னியாக்கும்.

– நர்ஸ் விஜயகுமாரின்னு முழுப்பேரும் சொன்னேன். பாதிப்பேரு சொன்னா வேற யாரையாச்சும் சந்தேகப்படுவாங்க பாருங்க, பாவம்.

– அடிப்பாவி! எம்புள்ளை எங்க, அவ எங்க? கவர்மென்ட் ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர் அவன். அவ கச்சால் தீவுல ரப்பர் பால் எடுக்குற வீட்டுப் பொண்ணு. சிலோன்ல இருந்து கப்பல்ல கொண்டாந்து எறக்கிவிட்ட சனம். நம்புறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?

– நம்பறதுக்காக நான் பார்க்கலை அக்கா. சும்மா பார்த்தேன். போன வாரம் ஞாயித்துக்கிழமை மத்தியானம், கொட்டற மழை. கிச்சன்ல நின்னு மீன் கழுவிட்டிருந்தேன். ஜன்னலுக்கு நேரா குமாரி வாசல். அங்க ஒரு ஜோடி ஷூ. சாதா ஷூன்னா நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

– நல்லாத் தெரியும்.

– இது உங்க அஸ்வினோட சைக்கிள் ஷூ. ஒண்ணு நிமிர்ந்து நின்னது, ஒண்ணு கவுந்து கிடந்தது. கவுந்ததோட அடியில மஞ்சளா, வாத்து மூக்கு மாதிரி, மூணு ஸ்க்ரூ போட்ட பிளாஸ்டிக். கிளீட்டோ என்னமோ சொல்வானே. இந்தக் குவார்ட்டர்ஸ்ல அடியில மூக்கு முளைச்ச ஷூ வேற யார்கிட்ட இருக்கு? அதைப் போட்டுக்கிட்டு அவன் படி இறங்கினா மாடியில இருந்து யாரோ குதிரையை இறக்கற மாதிரி இருக்கும்.

– அது பெடல்ல பூட்டிக்கிறதுக்குடீ. மிதிச்சா டக்குனு பூட்டிக்கும். குதிகாலை வெளிப்பக்கமாத் திருப்புனாத்தான் விடும். காலு நழுவாது, எவ்வளவு மேடானாலும் ஏறலாம்னு சொல்லுவான்.

– ஏறினான், ஏறினான். மணிக்கூண்டு ஜங்ஷன்ல குதிகாலைத் திருப்ப மறந்து, டிராஃபிக் போலீஸ் காலடியில சைக்கிளோட சாஞ்சானே, நான் ஆட்டோவுல இருந்து பார்த்தேன். விழுந்த பிறகும் ரெண்டு காலும் பெடல்லயே இருக்கு. போலீஸ்காரர் சைக்கிளைத் தூக்கறார், கூடவே இவனும் வர்றான்.

– அந்தக் கதையை எதுக்கு இப்ப எடுக்குறே? என் கதைக்குப் பதில் சொல்லு. ப்ரியங்கா அப்பா இங்க காண்ட்ராக்ட்டையெல்லாம் முடிச்சுக்கிட்டு கோயம்புத்தூருக்கே போறாரு. மாப்பிள்ளைக்கு அங்க சைக்கிள் ஷோரூம் வெச்சுத் தர்றேன்னு சொன்ன மனுசன். எங்க வீட்டுக்காரர் கையில அடிச்சு வாக்குக் குடுத்துட்டு வந்தாரு. இப்ப அவுக போன் பண்ணி, வேண்டாங்கன்னு ஒத்தை வார்த்தையில வெச்சுட்டாய்ங்க. இவரு ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்காரு.

– அச்சா, ஷோரூமா? ராணி அதைச் சொல்லவே இல்லியே. பாருங்க, நான் எவ்வளவு சொன்னேன், அவ எவ்வளவு மறைச்சிருக்கா.

– சுசீலாக்கா, உமா ஆன்ட்டி, மன்னிச்சுக்குங்க. நைட் டூட்டி முடிஞ்சு வந்து இப்பத்தான் கண்ணை மூடினேன். என் பேரு கட்டில் வரைக்கும் வந்து எழுப்புது.

– வா குமாரி, வா. உன்னைப் பத்தி ஒண்ணுமில்ல. சும்மா பேசிட்டிருந்தோம்.

– சும்மா கதைக்கிற சத்தம் மாதிரி இல்லையே அக்கா. என்னைப் பத்திக் கதைக்கிற இடத்துல நானும் இருந்துட்டேன்னா, பிறகு வந்து ஆளுக்கு ஒரு மாதிரி சொல்ற வேலை மிச்சம்.

– நல்லவேளை வந்தே. உன் வாயாலயே சொல்லு குமாரி. ஞாயித்துக்கிழமை எம்புள்ளை உன் வீட்டுக்கு வந்தானா?

– அதைப் பிறகு சொல்றேன் ஆன்ட்டி. முதல்ல அந்தச் சப்பாத்தைப் பத்தி எனக்கு விளங்கணும்.

– ஷூவைச் சொல்றா அக்கா. அவங்க பக்கம் அதுக்குச் சப்பாத்துன்னு பேரு.

– சுசீலாக்கா, நீங்க பார்த்தது மஞ்சள்தானா? நிச்சயமா?

– என் கண்ணைச் சந்தேகப்பட்டவங்க இந்தத் தீவுல யாரும் இல்லை. மஞ்சள். மாம்பழ மஞ்சள்.

– அஸ்வின் சார் அந்த மஞ்சளை விட்டு ரெண்டு மாசமாகுது. அதைப் போட்டுக்கிட்டு மழையில ஸ்கூல் படியில நடந்தார். பிளாஸ்டிக்தானே, சோப்பு மேல கால் வெச்ச மாதிரி சறுக்கி, ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னாடி உட்கார்ந்துட்டார். இப்ப போடுறது வேற. ரெண்டு ஸ்க்ரூ, சின்னதா ஒரு இரும்புத் துண்டு, அடிக்குள்ள பதுங்கி இருக்கும். நடந்தாலும் தரையில படாது. பெடலையும் அதுக்கேத்த மாதிரி மாத்திட்டார்.

– இந்தப் புராணமெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

– அன்னைக்கு முழங்கையில தையல் போட்டது நான்தானே அக்கா. ஊசி வலி தெரியாம இருக்க ஒரு மணி நேரம் இதைத்தான் கதைச்சார்.

– ஒரு தையலுக்கு ஒரு மணி நேரமா?

– ரெண்டு தையல்.

– அவ சொல்றது நெசந்தான் சுசீலா. மெயின்லேண்டுல இருந்து பார்சல் வந்துச்சு. புது ஷூ, புதுப் பெடலு. பழசைத் தூக்கிப் போடுறேன்னான், நாந்தான் இருக்கட்டும்டான்னு எடுத்து வெச்சேன்.

– அப்ப யோசிச்சுப் பாருங்க சுசீலாக்கா. அந்த மஞ்சள் இப்ப இருக்கிற பெடல்ல பூட்டவே பூட்டாது. அதனால அதைப் போட்டுக்கிட்டு சைக்கிள்ல வந்திருக்க முடியாது. நடந்து வந்தார்னா, அந்த மழையில என் வாசலுக்குள்ள ரெண்டு தடவையாவது விழுந்திருப்பார். நீங்க அதையும் பார்த்திருப்பீங்க.

– கண்டிப்பாப் பார்த்திருப்பேன்.

– பாத்தியா, பாத்தியா! அவன் வரவே இல்லை. காலையில சிடியாட்டாப்பு வரைக்கும் சைக்கிள்ல போறேன்னு போனவன், பொழுது சாஞ்சுதான் வீட்டுக்கு வந்தான். கேட்டுக்குங்க எல்லாரும்!

– அச்சா, முடிஞ்சது உமாக்கா. எனக்கென்ன வந்தது, தப்புன்னா தப்புதான். இப்பவே ஆட்டோ பிடிச்சு ராணி வீட்டுக்குப் போறேன். வெள்ளிக்கிழமைதானே அவங்களுக்கு ஃப்ளைட்? நான் பார்த்தது ஷூவைத்தான், அதுவும் அவன் போடறதையே விட்டுட்ட ஷூவைன்னு அடிச்சுச் சொல்றேன். அறுந்ததை நானே ஒட்டிக் குடுக்கறேன்.

– வேண்டாம்.

– என்ன வேண்டாம்?

– மழை வர்ற மாதிரி இருக்கு.

– குடை இருக்கு.

– ராணி இந்நேரம் தூங்குவா.

– பத்து மணிக்கா? இருங்க, போன் பண்ணியே கேட்டுடறேன்.

– போனை வையி சுசீலா! என்னங்கறேன், முறிஞ்சது முறிஞ்சதுதான். திரும்ப அவுக வாசல்ல போய் நின்னா நமக்கு என்ன மருவாதி?

– ஆன்ட்டி, இவ்வளவு நேரம் கல்யாணம் நின்னுபோச்சுன்னு மூணு மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்தினீங்க. நடக்க வழி பிறந்ததும் சத்தம் இறங்கிருச்சே.

– தொண்டை கட்டிருச்சும்மா.

– சுசீலாக்கா, இன்னொண்ணு. அந்தச் சப்பாத்துக்குள்ள ஏதாவது இருந்துச்சா?

– இருந்ததே. பேப்பர். நல்லா உருட்டி, விரல் பக்கம் வரைக்கும் திணிச்சிருந்தது. ஈரத்துக்கு வெச்சிருப்பான்னு நினைச்சேன்.

– ஒரு வீட்டுக்கு வந்த மனுஷன், வாசல்ல நின்னு சப்பாத்தைக் கழட்டி, மடியில இருந்து பேப்பரை எடுத்து உருட்டித் திணிச்சுட்டா உள்ள வருவார்?

– ஹே ராம்! மத்லப், அப்படின்னா அதை யாரும் போட்டுக்கிட்டே வரலை!

– ஷெல்ஃபுல இருந்ததை அப்படியே தூக்கிட்டு வந்து வெச்சிருக்காங்க.

– இரு, இரு. அது தமிழ்ப் பேப்பர்! சினிமாப் பக்கம்! மெயின்லேண்டுல இருந்து ஃப்ளைட்ல வர்ற பேப்பர். நம்ம லைன்ல அதைக் காசு குடுத்து வாங்கறது உங்க வீட்டுக்காரர் கிருஷ்ணமூர்த்தி அண்ணன் ஒருத்தர்தான். நானே அவர் படிச்சு முடிச்சதுக்கு அப்புறம் இரவல் வாங்கறேன்.

– கிச்சன் ஜன்னல்ல இருந்து பார்த்தா சினிமாப் பக்கமா தெரியுது அக்கா?

– குப்பை கொட்டப் போனப்போ சும்மா குனிஞ்சு பார்த்தேன். அதை விடு. உமாக்கா, என் முகத்தைப் பாருங்க. மழைக்காலம் வந்தா வீட்ல இருக்கற அத்தனை ஷூவுக்கும் பேப்பர் திணிக்கறது யாரு?

– பூஞ்சை புடிச்சிருதுல்ல…

– அக்கா!

– சரிடீ! நாந்தான் வெச்சேன்! போதுமா? கத்தாதே, நாலு பேருக்குக் கேக்கப் போகுது.

– இப்பத்தான் குவார்ட்டர்ஸ் பூராவும் கேக்கட்டும்னீங்க.

– அது வேற, இது வேற.

– நீங்களே வெச்சுட்டு, நீங்களே வந்து என்னை நடுவாசல்ல நிறுத்தி இந்தக் கேள்வி கேட்டீங்களா? அழுத மாதிரிகூட இருந்துச்சே!

– நான் சண்டைக்கு வரலைன்னா இவருக்குச் சந்தேகம் வந்துருமே. அதான் வந்தேன். ஒத்தைப் புள்ளை சுசீலா. ஷோரூம் வெச்சுத் தர்றவுக ஷோரூமுக்குள்ளயே அவனையும் வெச்சுக்குவாய்ங்க. முத வருசம் தீவாளிக்கு வருவான். அடுத்த வருசம் ஃப்ளைட் டிக்கெட் கெடைக்கலைம்மாம்பான். அதுக்கடுத்த வருசம் வீடியோ காலுல மொகத்தைக் காட்டி, தட்டுல இருக்குற அதிரசத்தையும் காட்டுவான். இவருகிட்டச் சொன்னா வாக்குக் குடுத்துட்டேங்குறாரு. அவன்கிட்டக் கேட்டா ஆமான்னும் ஆட்டுறான், இல்லைன்னும் ஆட்டுறான். நான் வேண்டாம்னா நான் கெட்டவ. அதான், அவுகளே வேண்டாம்னு சொல்லட்டும்னு…

– அதுக்கு என் வாயை வாடகைக்கு எடுத்துக்கிட்டீங்க.

– வாடகை எதுக்கு, சும்மாத்தானே ஓடிக்கிட்டிருக்கு. ஒரு ஷூவைக் கவுத்து வெச்சதே நீ அந்த மஞ்சளைப் பாக்கணும்னுதான். நீ குளிக்கப் போன நேரம் பாத்து மீன் பைக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போனேன்.

– என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! இன்னும் அழகா சொல்லியிருப்பேன். ஒரு ஷூவை மட்டும் வெச்சு, இன்னொண்ணைப் படியில போட்டிருந்தா, அவசரமா உள்ள போன மாதிரி இருந்திருக்கும்.

– ஆன்ட்டி, இந்த லைன்ல இத்தனை வாசல் இருக்கு. என் வாசல் ஏன்?

– உன் வாசல்தான் இவ கிச்சனுக்கு நேரா இருக்கு குமாரி. வேற ஒண்ணுமே இல்லை.

– அது மட்டும்தானா?

– உனக்குக் கச்சால் ஆஸ்பத்திரிக்கு மாத்தல் வந்துருச்சுன்னு கேள்விப்பட்டேன். எப்படியும் கப்பல் ஏறப் போறவ. நீ போனா, கூடவே பேச்சும் போயிரும்னு நெனச்சேன்.

– போகிற ஆளோட பேரு கெட்டா யாருக்கும் நட்டமில்லை.

– அப்படி இல்லைம்மா…

– ரப்பர் பால் எடுக்கிற வீட்டுப் பொண்ணு, கேட்கவும் ஆளில்லை. அதுவும் கட்டில் வரைக்கும் கேட்டுச்சு ஆன்ட்டி. நல்லாத் தெளிவா.

– தப்புதான் குமாரி. பெரிய தப்பு. புத்தி அன்னைக்கு அவ்வளவுதான் போச்சு. நான் என்ன செய்யணும் சொல்லு. வீடு வீடாப் போய், நாந்தான் வெச்சேன், இந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லைன்னு சொல்லிர்றேன். எம்மானம் போனாப் போகட்டும். இவளும் கூட வரட்டும்.

– நான் வர்றேன்! எந்த வீட்ல இருந்து ஆரம்பிக்கலாம்?

– இருங்க அக்கா. தூக்கத்துல இருந்து எழுந்து வந்ததே ஒண்ணைக் கேட்கத்தான். ஆன்ட்டி, நீங்க அந்தச் சப்பாத்தை வெச்சப்போ, வீட்டுக்குள்ள யாராவது இருப்பாங்கன்னு நினைச்சுப் பார்த்தீங்களா?

– கதவு சாத்தியிருந்துச்சு. நீ டூட்டிக்குப் போயிருப்பேன்னுதான் வெச்சேன். சாயங்காலம் எடுக்கலாம்னு போனேன், காணோம். நாய் தூக்கிட்டுப் போயிருச்சுன்னு விட்டுட்டேன்.

– அப்ப நீங்க உண்மையிலயே சுசீலாக்கா பார்க்கணும்னு மட்டும்தான் வெச்சீங்க. வேற ஒரு எண்ணமும் உங்க மனசுல இல்லை.

– எங்கம்மா மேல சத்தியமா இல்லை.

– எனக்கு இப்பத்தான் விளங்குது. நான் டூட்டிக்குப் போகலை ஆன்ட்டி. உள்ளதான் தேத்தண்ணி போட்டுக்கிட்டிருந்தேன். ரெண்டு கப்.

– ரெண்டு கப்பா?

– சுசீலாக்கா, நீங்க அந்தப் படியில கொஞ்சம் உட்காருங்க. சிடியாட்டாப்புக்குப் போன சைக்கிள் என் கிச்சன் சுவத்துல சாத்தியிருந்துச்சு. இரும்பு வெச்ச புதுச் சப்பாத்து அடுப்புக்குப் பக்கத்துல காஞ்சுக்கிட்டிருந்துச்சு. வெளியில விட்டா உங்க ஜன்னல்ல தெரியும்னு அவர்தான் உள்ள எடுத்து வெச்சார்.

– அவருங்குறாளே! ஏய், எவரு?

– ஹே ராம்! உமாக்கா, அப்ப நான் சொன்னது நெஜம்! நான் பொய் சொல்லலை! ஆனா அவன் எப்ப உள்ள போனான்? நான் ஜன்னலை விட்டு நகரவே இல்லையே!

– காலையில நீங்க கோயிலுக்குப் போயிருந்தப்போ.

– அன்னைக்கு ஒரு நாள்தான் போனேன்! இனிமே சாமியை வீட்லயே கும்பிட்டுக்கறேன்.

– வாயை மூடு சுசீலா! குமாரி, நீ சொல்லு. ஷூவை அவன் பாத்தானா?

– மழை விட்டு, சுசீலாக்கா ஜன்னலும் மூடினதும் புறப்படலாம்னு கதவைத் திறந்தார். காலடியில அவரோட பழைய சப்பாத்து. அப்படியே நின்னுட்டார். கையில எடுத்து, உள்ள இருந்த பேப்பர் உருண்டையைப் பார்த்ததுமே, இது எங்க அம்மா கைன்னார்.

– அய்யய்யோ. கண்டுபுடிச்சுட்டானா? கோவப்பட்டானா?

– கண்ணு கலங்கிட்டார் ஆன்ட்டி. அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு குமாரி, ஆனா பாரேன், கதவைத் தட்டலை, ஒரு வார்த்தை ஏசலை, புள்ளை இந்த மழையில ஈரச் சப்பாத்தைப் போட்டுக்கிட்டு வரக்கூடாதுன்னு காஞ்சதாப் பார்த்து எடுத்துட்டு வந்து வாசல்ல வெச்சுட்டுப் போயிருக்காங்க, இதைவிட ஒரு அம்மா எப்படிச் சரின்னு சொல்லுவாங்கன்னு கேட்டார்.

– அடப்பாவி மகனே! நான் எங்கடா சரின்னு சொன்னேன்?

– உங்ககிட்டச் சொல்லப் பயந்து பயந்தே ரெண்டு வருஷத்தை ஓட்டினவர். அன்னைக்குத்தான் அந்தப் பயம் போச்சு. அந்தப் பழைய சப்பாத்தைக்கூட விடலை, அம்மா குடுத்ததுன்னு பெட்டிக்குள்ள வெச்சுக்கிட்டார்.

– பெட்டிக்குள்ளயா? எந்தப் பெட்டி? வரட்டும் அவன். ஸ்கூல் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு லாங் ஐலண்ட்ல போட்டின்னு நேத்துக் காலையில போனான். நாந்தான் புளிசாதம் கட்டிக் குடுத்தேன். நாளன்னைக்கு வருவான்ல, கேக்குறேன்.

– புளிச்சோறு நல்லா இருந்துச்சாம். கப்பல் நகர்றதுக்கு முன்னாடியே பாதியை முடிச்சுட்டேன்னு போன் பண்ணினார். ஆனா அது லாங் ஐலண்ட் போட் இல்லை. கச்சால் ஸ்கூலுக்கு அவரே எழுதிக் கேட்டு வாங்கின மாத்தல். அங்க ரோட்டுல ஜங்ஷனும் இல்லை, போலீஸும் இல்லை, பெடல்ல இருந்து காலை எடுக்க வேண்டிய அவசியமே இருக்காதுன்னு ஒரே சந்தோஷம்.

– கச்சாலா! கோயம்புத்தூருக்காவது ஃப்ளைட் இருக்கு உமாக்கா. கச்சாலுக்குக் கப்பல் என்னைக்கு வரும்னு கப்பலுக்கே தெரியாதே!

– விட்டுருவேனா? எந்திரி சுசீலா, ஆட்டோவைக் கூப்பிடு, கப்பல் துறைக்குப் போவோம். எதுவா இருந்தாலும் பெத்தவ நான் மொதல்ல சம்மதிக்கணும்ல? சம்மதிக்காம யாரு யாரைக் கட்டிக்க முடியும்னு பாத்துர்றேன்!

– நீங்க சம்மதிச்சுட்டீங்கன்னு நம்பித்தான், போன புதன்கிழமை முருகன் கோயில்ல எனக்குத் தாலி கட்டிட்டு, நேத்துக் கப்பல் ஏறினார். அடுத்த கப்பல்ல நானும் போறேன், அத்தை.